சோமூர்க் கோட்டை

பிரீத்தியின் ஆல்பம் வான்மதியின் கைக்கு வருவதற்குள், சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரும் ஒரு ரவுண்டு பெருமூச்சு விட்டு முடித்திருந்தார்கள்.

"பார்த்துப் புடி வான்மதி. தயிர்சாதக் கையோட தொட்டா கறை போகாது" என்றாள் பிரீத்தி.

வான்மதி ஸ்பூனால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகுதான், ஏன் துடைத்தோம் என்று கோபம் வந்தது.

டெக்ஸஸில், இர்விங் ஊரின் லாஸ் கொலினாஸ் பகுதியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்து டெலிபோன் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிற கம்பெனி அது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த வருஷம். புரோகிராமுக்குள் தலையைவிட்டுப் பிழையைப் பிடித்து இழுத்து வெளியே போடுவது வான்மதி. அதை மேனேஜர் கேரியிடம் போய் நுனிநாக்கு இங்கிலீஷில் சொல்வது பிரீத்தி. கேரி பிரீத்திக்குத் தாங்க்ஸ் சொல்வான்.

பிரீத்தி பெசன்ட் நகர், கான்வென்ட். மெட்ராஸுக்குத் தெற்கே தமிழ்நாடு இருக்கிறது என்பதே தனக்கு மேப்பைப் பார்த்துத்தான் தெரியும் என்பாள். தோள்வரை வெட்டிய கூந்தல். பேச்சுக்கு நடுவே இமையைச் சிமிட்டிச் சிமிட்டி கான்டாக்ட் லென்ஸைச் சரிசெய்துகொள்வாள். அதைக்கூட ஸ்டைலாகச் செய்வாள். வான்மதி கரூர். அப்பா பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டர். குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. டிகிரி வாங்கினால் மட்டும் போதாது, அதற்கு மேல் என்னவோ ஒன்றை எங்கேயோ வைத்து விற்கிறார்கள், அந்தக் கடை விலாசம் பிரீத்திக்குத் தெரியும், நமக்குத் தெரியாது என்று அவளுக்குத் தீராத எரிச்சல்.

ஆல்பத்தில் அகலமான ஓர் ஆறு. ஆற்றுக்கு மேலே மேட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு கோட்டை. கூர்கூரான கோபுரங்கள். ஒவ்வொரு போட்டோவிலும் பிரீத்தி. ஒவ்வொரு பிரீத்தியின் கழுத்திலும் வேறு ஸ்கார்ஃப்.

வான்மதிக்கு வயிறு எரிந்தது. மோர்மிளகாய் காரணமில்லை.

"மாஷா அல்லாஹ்! கனவு மாதிரி இருக்கு" என்றாள் ரோஷன் பேகம். டெஸ்டிங் டீமில் மூத்தவள். காரைக்கால்காரி. ஆபீஸில் ஈமெயில் வருவதற்கு முன்பே செய்தி போக்குவரத்து அவள் பொறுப்பில்தான் இருந்தது. "பிரான்ஸ்னா எல்லாரும் பாரிஸ்தானே போவாங்க?"

"பாரிஸும் போனோம் ரோஷன் அக்கா. அதுக்கப்புறம் டிராவல் ஏஜென்ட் ஆத்தங்கரை ஊர்ப் பேரா நிறையச் சொன்னான். இந்தப் பேரைக் கேட்டதும், இங்கதான் போகணும்னு சொல்லிட்டேன்."

"அப்படி என்ன பேரு?"

பிரீத்தி இமையைச் சிமிட்டினாள். "ஸோமூர்."

கோட்டைச் சுவரில் பிரீத்தி சாய்ந்து நிற்கிற அழகை முறைத்துக்கொண்டிருந்த வான்மதியின் காதில் அந்தப் பெயர் விழுந்தது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சோமூரா? அட, எங்கம்மா ஊராச்சே!"

பிரீத்தியின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்து, தட்டிலிருந்து தரையில் விழுந்தது.

"உங்கம்மா பிரான்ஸாடீ?" என்றாள் ரோஷன் பேகம்.

இல்லைக்கா, கரூர்ப் பக்கம், அமராவதி காவேரியில் போய்ச் சேர்கிற இடத்துக்கிட்டே சோமூர் என்று ஒரு ஊர் இருக்கிறது, ஆட்டுக்குட்டியும் அரசமரமும்தான் அங்கே விசேஷம் என்று சொல்ல வாயைத் திறந்தாள் வான்மதி. அப்போதுதான் பிரீத்தியின் முகத்தைப் பார்த்தாள்.

அதில் ஈயாடவில்லை. மேக்கப்புக்குக் கீழே ரத்தம் சுண்டிப்போயிருந்தது.

ஓஹோ, பொறாமை வெளியிலிருந்து பார்க்க இப்படித்தான் இருக்குமா! வான்மதி இதுவரை அதைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறாள். திறந்த வாயில் ஒரு ஸ்பூன் தயிர்சாதத்தைப் போட்டு மூடினாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசக் கூடாது, அது நாகரிகமில்லை.

ரோஷன் பேகமே பதிலையும் கண்டுபிடித்துவிட்டாள். "எங்க காரைக்கால்லயும் பாதிக் குடும்பத்துக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. அதுமாதிரி அந்தக் காலத்துல போய் செட்டில் ஆனவங்களா? இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!"

"எனக்குப் பீத்திக்கிறது பிடிக்காதுக்கா" என்றாள் வான்மதி. ஆல்பத்தை மூடி, ஒரு விரலால் பிரீத்தியின் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் காலையில் கேரி கூப்பிட்டுவிட்டான்.

பிரான்ஸில் புதிய கிளையன்ட். ஆறு மாதம் அங்கேயே தங்கி வேலை பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பிரீத்தி என்று ஆபீஸ் சுவருக்குக்கூடத் தெரியும். வான்மதியும் கேட்டுப் பார்த்திருந்தாள். 'உன் வேலை அருமை. ஆனா அங்க மனுஷங்களோட பழகணுமே' என்று சிரித்து அனுப்பியிருந்தான் கேரி. அன்றைக்கு ரெஸ்ட் ரூமில் போய் அழுதாள். அழுத கண்ணோடு திரும்பி வந்து பிரீத்தியின் பெயரில் போகப்போகிற பிழைகளைத் திருத்தினாள்.

"உன் அம்மா ஸோமூராமே?" என்றான் கேரி இப்போது.

"ஆமா. பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கதான்."

"நீ போயிருக்கியா?"

"சின்ன வயசுல லீவு விட்டா அங்கதான் இருப்பேன்."

"அம்மாவோட பாஷை பேசுவியா?"

"தண்ணி பட்ட பாடு."

அரிச்சந்திரனே வந்து குறுக்கு விசாரணை செய்தாலும் அதில் ஓர் எழுத்துப் பொய் அகப்படாது. கேரி நாற்காலியில் சாய்ந்தான். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க முன்னாடி கேக்கல."

மத்தியானம் பிரீத்தியே வான்மதியின் தடுப்பறைக்கு வந்தாள். வழக்கமாக வான்மதிதான் அவளைத் தேடிப் போக வேண்டும்.

"சும்மா கேக்கிறேன், வான்மதி. உங்கம்மா ஸோமூர்ல எந்தத் தெரு?"

டெஸ்ட் வைக்கிறாள் கழுதை என்று நினைத்தாள் வான்மதி. "கோயிலுக்குப் பின்னாடி" என்று வந்துவிட்டது. "அதாவது, சர்ச்சுக்கு."

"ஆத்துக்கு இறங்கற வழியா?"

"அதேதான்."

பிரீத்தி வான்மதியின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கேட்காமலே குடித்தாள். "அங்க இப்பவும் உங்க சொந்தக்காரங்க யாராச்சும்..."

"மாமா இருக்கார். ஆனா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. சொத்துத் தகராறு. நான் கடைசியா போனப்ப எனக்கு ஆறு வயசு."

"ஓ, ஆறு வயசு! அப்ப யாரையும் ஞாபகம் இருக்காது" என்று மூச்சு விட்டாள் பிரீத்தி. "நல்லதாப் போச்சு. அதாவது... பாவம்" என்று போய்விட்டாள்.

எவ்வளவு எரிந்தால் இப்படி உளறுவாள்! வான்மதிக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே இர்விங் லைப்ரரிக்குப் போய் பிரான்ஸ் டூரிஸ்ட் கைடு எடுத்துவந்தாள். கோட்டை, ஆறு, ஆற்று நடுவே மணல்திட்டு, குதிரைப்படைப் பள்ளிக்கூடம், குகைக்குள் வளர்க்கிற காளான் என்று எல்லாவற்றையும் இன்ஜினியரிங் பரீட்சைக்கு மாதிரி உருப்போட்டாள்.

உருப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா தனபாக்கியம்.

"கண்ணு, விசா குடுத்துட்டாங்க! டிக்கெட்டும் வந்துருச்சு!"

கோடைக்கு அம்மாவை வரவழைக்க ஏற்பாடு செய்ததே வான்மதிதான். ஸோமூர்க் கோட்டையில் ஏறிய வேகத்தில் அதை மறந்திருந்தாள்.

"இப்பவேவாம்மா? ரெண்டு மாசம் கழிச்சு வாயேன்."

"ஏன், பெத்தவ வந்தா கசக்குதா? எதுத்த ஊட்டு வள்ளி இப்படிச் சொல்லுவாளா?"

"அம்மா, அந்தப் பேரை எடுத்தே, போனை வச்சிருவேன்."

வான்மதிக்குப் பொறாமையைப் பாலோடு சேர்த்துப் புகட்டியவள் தனபாக்கியம்தான். மாமா வீட்டுக்கு எதிர்வீட்டில் வள்ளி என்று ஒரு பெண். சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் வழிகிற ரெட்டைச்சடை, கையில் எப்போதும் புஸ்தகம். அதற்கு மேல் அவள் முகம்கூட வான்மதிக்கு ஞாபகமில்லை. ஆனால் வான்மதி எண்பது மார்க் வாங்கினால் வள்ளி தொண்ணூறு. வான்மதி இன்ஜினியரிங் சேர்ந்தால், வள்ளிக்கு ஸ்காலர்ஷிப். மாமாவோடு சண்டை வந்து வான்மதி ஊருக்கே போகாமலிருந்த இத்தனை வருஷமும், கோயில் திருவிழாவுக்கு மட்டும் போய்வந்த அம்மா மூலமாக வள்ளியின் ரேங்க் தவறாமல் கரூர் வந்து சேர்ந்தது.

"வச்சுக்க. அவளும் வெளிநாட்டுலதான் எங்கயோ பெரிய உத்தியோகமாம். ஊருப்பக்கம் வாரதே இல்லையாம். நெம்பப் பெரிய ஆளாயிட்டாளாட்டம் இருக்குது" என்று முடித்துவிட்டுத்தான் அம்மா போனை வைத்தாள்.

அம்மா வருவதை ஆபீஸில் மறைக்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஏர்போர்ட் போக லீவு வேண்டும். லீவு கேட்டது ரோஷன் பேகத்தின் காதில் விழுந்தது.

"அம்மா வர்றாங்களா! பாரிஸ்லேர்ந்தா?"

"ஃபிளைட் பாரிஸ் வழியாத்தான்கா வருது" என்றாள் வான்மதி. அதுவும் உண்மை. அங்கேதான் விமானம் மாற வேண்டும்.

சாயங்காலத்துக்குள் கட்டடத்தின் மூன்று மாடிகளுக்கும், வான்மதியின் பிரெஞ்சு அம்மா பாரிஸிலிருந்து பறந்துவருகிறாள் என்று தெரிந்துவிட்டது. கேரி துள்ளிக் குதித்தான். பிரெஞ்சுக் கிளையன்ட் அம்மாள் எலென் அதே வாரம் இர்விங் வருகிறாளாம். அவளுக்குச் சொந்த ஊரே ஸோமூராம்! இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து ஆபீஸிலேயே விருந்து. அங்கேயே வான்மதியின் பெயரை அறிவித்துவிடலாம்.

அம்மா வாயைத் திறந்தால் போச்சு. பிரான்ஸும் போச்சு, வேலையும் போச்சு. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வான்மதி கேரியின் அறைவரை போனாள். உள்ளேயிருந்து பிரீத்தி வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிட்டேன். பர்சனல் ரீசன்" என்றாள். "உங்கம்மா... கண்டிப்பா ஆபீஸுக்கு வர்றாங்களா?"

"ஏன், வரக்கூடாதா?"

"இல்ல, டெக்ஸஸ் வெயில் வயசானவங்களுக்கு ஆகாது. வீட்டுலயே வச்சுக்கோயேன்."

வயிறு எரிகிறவள் வாயிலிருந்து என்ன அக்கறை! வான்மதி உண்மையைத் திரும்ப விழுங்கிவிட்டுத் தன் இடத்துக்கே போனாள். பிரீத்தி தோற்று ஓடுவதைப் பார்த்த பிறகு எந்த முட்டாள் உண்மையைச் சொல்வாள்?

விருந்தன்று காலையில், வந்து இறங்கியிருந்த அம்மாவுக்கு ஜுரம் என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டு, தான் மட்டும் ஆபீஸ் வந்தாள். இதோடு முடிந்தது என்று நிம்மதியாக எலெனுக்கு 'போன்ஷூர்' சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"ஜுரமாவது ஒண்ணாவது!" என்று உள்ளே வந்தாள் ரோஷன் பேகம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பச்சைப் பட்டுப்புடவையும் வெள்ளை ஸ்னீக்கருமாகத் தனபாக்கியம். "கஞ்சி எடுத்துக்கிட்டுப் போனா, ஆன்ட்டி பால்கனியில துணி காயப்போட்டுக்கிட்டு இருக்காங்க. வேன்ல ஏத்திக்கிட்டு வந்துட்டேன். இத்தனை வருஷம் பிரான்ஸ்ல இருந்தும் தமிழ் ஒரு பொட்டு மாறலையே! என்ன அடக்கம், என்ன அடக்கம்!"

"இந்தப் பாப்பா என்னென்னமோ கேக்குது கண்ணு. ஒண்ணும் வெளங்கல. எல்லாத்துக்கும் ஆமாங்கன்னுட்டேன்" என்று வான்மதியின் காதில் சொன்னாள் அம்மா.

எலென் எழுந்து ஓடிவந்தாள். "ஸோமூர்?" என்றாள் நெஞ்சில் கைவைத்து.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆமாங்க, சோமூரு! உங்களுக்கெப்படிங்க தெரியும்?"

"ஸோமூர்!"

"சோமூருங்க!"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். கேரி கைதட்டினான். ஊர்ப் பேச்சு வந்தால் அம்மா தமிழில்தான் பேசுவாள் என்று முதலிலேயே சொல்லிவைத்து, வான்மதி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மொழிபெயர்க்கிற வேலையை வேறு யாரிடமும் விட முடியாது.

"நம்ம ஆறு ஞாபகம் இருக்கா?" என்றாள் எலென்.

"ஆத்துல தண்ணி எங்கீங்க இருக்குது? கண்ணுக்கெட்டுன தூரம் மணலுதான்."

கேரிக்கும் புரியட்டும் என்று வான்மதி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். எலென் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெயில் காலத்துல அப்படியேதான்! அந்த மணல்லதான் நான் விளையாடுவேன். அப்புறம் குதிரைங்க?"

"அய்யனாரு கோயிலுல வரிசையா நிக்குமே, ஆளு ஒசரத்துக்கு!"

"வரிசையா, கம்பீரமா நிக்குமாம்" என்றாள் வான்மதி.

"நிக்கும், நிக்கும்! காளான்?"

"மழை பேஞ்சா புத்துல மொளைக்குங்க. கொழம்பு வச்சா, கறியெல்லாம் கிட்ட நிக்காது."

"மண்ணுக்குள்ள பொந்துல வளருமாம். சாஸ் பண்ணா இறைச்சியே தோத்துடுமாம்."

"இந்த அம்மா என் ஊர்தான்! நூத்துக்கு நூறு!" என்று மேசையில் தட்டினாள் எலென். "அப்புறம் நம்ம கோட்டை? அதைச் சொல்லுங்க!"

"கோட்டையெல்லாம் எங்கீங்க? பழைய கல்லுக் கட்டடம் ஒண்ணு கெடக்குது. உள்ளார போனா வௌவா மூஞ்சியில அடிக்கும்."

வான்மதி வௌவாலை மட்டும் மொழிபெயர்த்தாள்.

"ஐயோ, எனக்கும் வௌவால்னா பயம்!" என்று எலென் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு கேரியைப் பார்த்தாள். "வேற யாரையும் அனுப்பிடாதீங்க. எனக்கு இவங்க பொண்ணுதான் வேணும்."

"முடிஞ்சது" என்றான் கேரி. வான்மதியின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கேக்கைத் தின்றுவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வான்மதிக்கு ஒரு குறை. இவ்வளவு பெரிய வெற்றியை, பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. பிரீத்தி காலையிலிருந்து தலைவலி என்று தன் தடுப்பறையில் கவிழ்ந்து கிடந்தாள். விருந்துக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் விடுவதா? எத்தனை நாள் அழுதிருக்கிறோம்!

"ரோஷன் அக்கா" என்றாள் வான்மதி தேனொழுக. "பிரீத்தியைக் கூப்பிடுங்களேன். எலென் அவங்க ஆல்பத்தைப் பார்த்தா சந்தோஷப்படுவாங்க."

"நல்ல மனசும்மா உனக்கு" என்று ரோஷன் பேகம் எழுந்து போனாள்.

பிரீத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. ஆல்பத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக நகர்ந்து வந்தாள். அட்டைக்கு மேலே கொஞ்சம் கூந்தல்தான் தெரிந்தது.

முகத்தைக் காட்டக்கூட முடியவில்லை பார், அவ்வளவு பொறாமை என்று வான்மதியின் நெஞ்சு குளிர்ந்தது. "கூச்சப்படாதீங்க பிரீத்தி. அம்மா, இவங்க பெசன்ட் நகர். எங்க ஆபீஸ்லயே பெரிய ஆள்."

தனபாக்கியம் இடுப்பிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். பிரான்ஸ் தேசத்துக் கோட்டையை இரண்டு விரலால் கீழே இறக்கினாள். உள்ளேயிருந்த முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தாள். பிரீத்தி இமையைச் சிமிட்டிச் சிமிட்டி நின்றாள்.

"ஏம்புள்ள, எதுத்த ஊட்டு வள்ளி! உன்ற சோடாபுட்டிக் கண்ணாடி எங்க?"